இரட்சிப்பா, மீட்பா, நலமா?
விவிலியச் சொல் ஒன்றும் அதன் தமிழ் மொழிபெயர்ப்புகளும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டு விவிலியத் தமிழைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். இறையியல் கல்லூரிப் பக்கம் போனவன் அல்லன். ஆனாலும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யோசித்து வந்திருக்கிறேன். அதையே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சொல்லை என் தலையில் ஏற்றி வைத்தது என் அக்கா. திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அக்காவின் இடது கால் சூம்பிப் போயிற்று. 1991-இல், அப்போது பம்பாய் என்று வழங்கிய இந்த நகருக்கு, எங்கள் வீட்டில் சில மாதம் தங்க வந்திருந்தாள். அக்கம்பக்கத்தார் அழைத்தார்கள் என்று ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனோம். மேடைக்கு அழைத்து, தலையில் கை வைத்து ஜெபித்து, ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். இரண்டு எட்டு வைத்தாள், விழுந்தாள். ஜெபித்தவர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார், "சகோதரிக்கு இன்னும் விசுவாசம் பூரணப்படல."

வீட்டுக்கு வரும்வரை அக்கா வாய் திறக்கவில்லை. இரவு சாப்பிட்டு முடித்தபின் கேட்டாள். "ஏலே தம்பி, இரட்சிப்புன்னா முழுசா ஆகுறதுன்னு அவரு சொன்னாரே. அப்போ நான் அரை ஆளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் வேதாகமத்தைப் பிரித்தேன். அன்று தொடங்கிய வாசிப்பில் கண்டதை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம்மில் பல சமயத்தவரும் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் எப்படி ஒரு மனிதரைத் தூக்கவும் தள்ளவும் வல்லது என்பது எல்லாருக்கும் பொதுவான செய்தி என்பதே என் துணிபு.

ஓர் அதிகாரம், மூன்று சொற்கள்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் 'சோட்ஸோ' என்று ஒரு வினைச்சொல். ஆபத்திலிருந்து காப்பாற்றுதல், நோயிலிருந்து தேற்றுதல், பாவத்திலிருந்து விடுவித்தல் மூன்றுக்கும் அந்த ஒரே சொல்தான். கடலில் மூழ்குகிறவனும் அதைச் சொல்லிக் கூவலாம். காய்ச்சலில் கிடப்பவனும் கூவலாம்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். யவீரு என்ற ஜெபஆலயத் தலைவர் ஓடி வந்து, சாகக் கிடக்கும் தம் சின்ன மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறார். அவர் வீட்டுக்குப் போகும் வழியில், நெருக்கியடிக்கும் கூட்டத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கினால் வாடிய ஒரு பெண் பின்னால் வந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். வைத்தியர் பலரிடம் போய்க் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்து, நோய் கூடியதே தவிரக் குறையவில்லை என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். இந்த நிகழ்ச்சிக்குள் 'சோட்ஸோ' மூன்று முறை வருகிறது. யவீரு தம் மகளுக்காகக் கேட்கும்போது ஒன்று. அப்பெண் தன் மனசுக்குள் சொல்லிக்கொள்ளும்போது ஒன்று. கடைசியில் இயேசு அவளுக்கு விடை கொடுத்து அனுப்பும்போது ஒன்று.

நம் வீடுகளில் பெரும்பாலும் புழங்கும் பழைய தமிழ் வேதாகமம், 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழு முடித்த திருத்தத்தின் வழி வந்தது. அதில் இந்த மூன்று இடங்களையும் பாருங்கள். தகப்பன் வாயில் 'ஆரோக்கியம்'. அப்பெண்ணின் வாயில் 'சொஸ்தம்'. இயேசுவின் வாயில் 'இரட்சித்தது'. ஒரே வேர்ச்சொல்லுக்குத் தமிழில் மூன்று உடை!

இதனால் என்ன கெட்டுப் போயிற்று என்று கேட்கலாம். வாசகனுக்கு ஒன்று நழுவிப் போயிற்று என்பேன். அவள் சுகத்தைத் தேடி வந்தாள். அவரோ அதைவிட உயர்ந்த வேறொன்றை, இரட்சிப்பைக் கொடுத்தார் என்று தமிழில் படிப்பவர் நினைத்துக்கொள்வார். கிரேக்கத்தில் அப்படி மேல்தட்டு கீழ்த்தட்டு கிடையாது. அவள் எந்தச் சொல்லைக் கேட்டாளோ அந்தச் சொல்லையே அவர் திருப்பிக் கொடுக்கிறார். ஆனால் கொடுக்கும்போது அது பெரிதாகிவிடுகிறது.

எப்படிப் பெரிதாகிறது என்பதை மாற்கே காட்டுகிறார். அவள் ஆடையைத் தொட்டவுடனே நோய் போய்விட்டது. அங்கே மாற்கு பயன்படுத்துவது வேறொரு கிரேக்கச் சொல். வைத்தியம், வைத்தியர் என்ற சொற்களோடு உறவுடையது. ஆக, வைத்தியம் முடிந்துவிட்டது. அவள் அப்படியே நழுவிப் போயிருக்கலாம். அவள் எண்ணமும் அதுதான். ஆனால் இயேசு நிற்கிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். சீடர்களுக்கு எரிச்சல், யவீருவுக்கு நெஞ்சு பதைத்திருக்கும். அவள் நடுங்கிக்கொண்டு வந்து, நடந்தது முழுவதையும் கூட்டத்துக்கு நடுவே சொல்லுகிறாள். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் வருகிறது.

நோய் ஏற்கெனவே நீங்கிவிட்டதென்றால் இந்தச் சொல் அவளுக்குப் புதிதாக எதைத் தருகிறது? லேவியராகமம் 15-ஆம் அதிகாரத்தின்படி உதிரப்போக்குள்ள பெண் தீட்டு. அவள் படுத்த பாயும் உட்கார்ந்த மணையும் தீட்டு. அவற்றைத் தொட்டவருக்கும் தீட்டு. பன்னிரண்டு ஆண்டு யாரும் தொடாத உடம்பு அது. அந்த உடம்புக்காரியை இயேசு 'மகளே' என்று கூப்பிடுகிறார். நற்செய்தி நூல்களில் அவர் ஒரு தனிப்பெண்ணை அப்படி அழைப்பது இந்த நிகழ்ச்சியில் மட்டுமே. மாற்கின் கதைக் கட்டுமானம் இங்கேதான் விளங்குகிறது. பன்னிரண்டு வயது மகள் ஒருத்திக்காகக் காலில் விழ ஒரு தகப்பன் இருக்கிறார். பன்னிரண்டு ஆண்டு நோயாளிக்காகப் பேச ஒருவருமில்லை. அவளுக்கு உறவு கொடுத்து, பேச்சுக் கொடுத்து, கூட்டத்துக்குள் இடம் கொடுத்து அனுப்புகிறார். அந்த மொத்தத்துக்கும் பெயர்தான் 'சோட்ஸோ'.

லூக்காவின் நான்கு இடங்கள்

லூக்கா நற்செய்தியில் இன்னொரு சான்று உண்டு. 'உன் விசுவாசம்' என்று தொடங்கி 'சோட்ஸோ'வில் முடியும் இயேசுவின் வாக்கியம் ஓரெழுத்தும் மாறாமல் நான்கு முறை வருகிறது. 7-ஆம் அதிகாரத்தில் பரிசேயர் வீட்டு விருந்தில் அழுது அவர் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்கு. 8-இல் நாம் மேலே கண்ட பெண்ணுக்கு. 17-இல் குஷ்டரோகம் நீங்கித் திரும்பி வந்த சமாரியனுக்கு. 18-இல் எரிகோ வழியோரத்துக் குருடனுக்கு.

1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கிலப் பதிப்பு 7-இலும் 18-இலும் 'சேவ்' என்ற சொல்லையும், 8-இலும் 17-இலும் 'ஹோல்', அதாவது முழுமை என்ற சொல்லையும் போடுகிறது. நம் பழைய தமிழ் வேதாகமமோ நான்கு இடத்திலும் 'இரட்சித்தது' என்றே வைத்திருக்கிறது. இந்த ஓர் இடத்தில் தமிழ் அந்த ஆங்கிலத்தைவிட மூலத்துக்கு நெருக்கம் என்று சொல்ல எனக்குப் பெருமைதான்.

1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' வேறு வழியில் போயிற்று. அழுத பெண்ணுக்கு 'மீட்டது', உதிரப்போக்குள்ளவளுக்குக் 'குணமாக்கிற்று', சமாரியனுக்கும் குருடனுக்கும் 'நலம்' சார்ந்த சொற்கள். தமிழ் தெளிந்து ஓடுகிறது. வடமொழிப் பாரம் குறைந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளையும் படித்துப் புரிந்துகொள்ளும். ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு முடிவை நம் சார்பில் எடுத்துவிட்டார்கள். உடம்பு நோவென்றால் நலம், ஆத்துமா நோவென்றால் மீட்பு! லூக்கா வேண்டுமென்றே ஒரே வாக்கியத்தால் கட்டிய நான்கு பேரும் தமிழில் இரண்டு வார்டுகளாகப் பிரிந்துவிட்டார்கள்.

இதன் விளைவு சமாரியன் கதையில் நன்றாகத் தெரிகிறது. பத்துப் பேருக்குக் குஷ்டம். பத்துப் பேருக்கும் நீங்கியது. ஒருவன் மட்டும், அதுவும் அயலான், திரும்பி வந்து நன்றி சொல்கிறான். அவனுக்கு மட்டுமே அந்த வாக்கியம் சொல்லப்படுகிறது. சுத்தமானது பத்துப் பேர். 'சோட்ஸோ' ஆனது ஒருவன். பழைய மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு பளிச்சென்று நிற்கிறது. புதியதில், நோய் நீங்கிய மற்ற ஒன்பது பேருக்கும் நலம்தானே கிடைத்தது, இவனுக்கு மட்டும் என்ன தனியாக என்று வாசகர் குழம்ப இடமிருக்கிறது.

அதற்காகப் பழையதே மேல் என்று சொல்லி முடித்துவிட முடியாது. அது வாக்கியத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் 'இரட்சிப்பு' என்ற சொல்லுக்குள்ளிருந்து உடம்பு கழன்று போய்விட்டது. "ஐயா, நீங்க இரட்சிக்கப்பட்டிருக்கீங்களா?" என்று ரயிலில் துண்டுப் பிரசுரம் நீட்டி யாராவது கேட்டால், உங்களுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. செத்த பிறகு எங்கே போவீர்கள் என்ற கேள்வியாகத்தான் அது காதில் விழுகிறது.

சொற்களின் பூர்வீகம்

இந்தச் சொற்களின் பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்ப்பது நல்லது.

இரட்சிப்பு, வடமொழி 'ரக்ஷ்' என்பதன் வழி வந்தது. காத்தல் என்று பொருள். காப்பவர் மேலே, காக்கப்படுபவர் கீழே என்ற ஏற்பாடு அதில் உண்டு. எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளிவந்த தம் காப்பியத்துக்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்று பெயர் வைத்தபோது இச்சொல் இலக்கியத்திலும் அழுத்தமாக ஊன்றிக்கொண்டது. நாகர்கோவிலில் இரட்சணிய சேனை நடத்திவரும் கேதரின் பூத் மருத்துவமனையில் அந்தச் சொல்லும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மொழிபெயர்ப்பில் பிரிந்தவை நடைமுறையில் கூடிக்கொண்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

மீட்பு நல்ல தமிழ்ச் சொல். ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை என்று நம் இலக்கண நூலார் வகுத்தார்கள். இன்றைக்கு அடகுக் கடையில் நகையை மீட்கிறோம். ஆனால் இதற்கு நேரான கிரேக்கச் சொல் வேறு. விலை கொடுத்து அடிமையை விடுவிப்பதைக் குறிக்கும் சொல் அது. அதற்கு 'மீட்பு' கச்சிதம். 'சோட்ஸோ'வுக்கு அது முழுதாகப் பொருந்தாது. அடகிலிருந்து மீண்ட நகை பழைய நகைதான். அதில் ஒடிந்த கண்ணி ஒட்டிக்கொள்வதில்லை.

சொஸ்தம் இன்று வழக்கொழிந்து வருகிறது. 'ஸ்வஸ்தம்' என்ற வடசொல்லின் திரிபு. தன்னில் தான் நிற்றல் என்பது சொற்பொருள். அழகான சொல். பெயர்போன வைத்தியரிடம் போய் வந்தாலும், "மனசு சொஸ்தமா இல்ல" என்று பாட்டி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

குணம் என்பது பண்பையும் குறிக்கும், நோய் தீர்தலையும் குறிக்கும். வேறு எந்த மொழிக்காரருக்காவது இந்த இரட்டைப் பொருளை விளக்கப் போனால் அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியும்.

இன்னொரு சொல்லும் என்னை ஈர்த்தது. பழைய சிரியாக் மொழி விவிலியம் 'சோட்ஸோ'வை 'உயிர் பெறச் செய்தல்' என்ற பொருளுடைய சொல்லால் பெயர்க்கிறது. சிரியாக் என்பது இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழி. தமிழில் அதற்குச் சமமாக 'உய்தல்' இருக்கிறது. பேச்சில் 'பிழைத்தல்' இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடந்தவர் பிழைத்துக்கொண்டார் என்கிறோம். "பம்பாய்க்குப் பிழைக்க வந்தோம்" என்றும் சொல்கிறோம். உயிர் தப்புவதும் சோறு தேடிக்கொள்வதும் நமக்கு ஒரே சொல். சகேயு என்ற வரிவசூல்காரன் தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றபோது, அன்றைக்கு அந்த வீட்டுக்கு 'சோட்ஸோ'வின் பெயர்ச்சொல் வந்து சேர்ந்ததாக லூக்கா 19 சொல்கிறது. அங்கே நோயாளி யாருமில்லை. கணக்கு நேரானது, அவ்வளவுதான். வங்கிக்காரனுக்கு இது நன்றாகவே புரியும்.

நோயும் உய்வும் ஒன்றையொன்று தொடுவது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. சூலை நோய் தாளாமல் திருவதிகையில் தம் தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்த நாவுக்கரசரின் வரலாறு நம் அன்பர்கள் அறிந்ததே. வயிற்று வலியும் சமய வாழ்வும் அங்கே தனித்தனிக் கதைகள் அல்ல.

'உன் விசுவாசம்' என்னும் கத்தி

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். இரட்சிப்பில் உடம்பும் அடக்கம் என்று இதுவரை வாதித்தேன். ஆனால் அந்தக் கூட்டத்து மேடையில் நின்றவரும் அதையேதான் சொன்னார்! உடம்பை விட்டுவிட்டு ஆத்துமாவை மட்டும் பேசுகிறவர்கள் ஒரு பக்கம் தவறினால், முழுமை என்றால் குறையில்லாத உடம்பு என்று பேசுகிறவர்கள் மறுபக்கம் தவறுகிறார்கள். இரண்டாவது தவறு நோயாளியின் தோளில் குற்றத்தையும் ஏற்றிவிடுகிறது. உன் விசுவாசம் சுகமாக்கும். சுகமாகவில்லையா, உன்னிடம் விசுவாசமில்லை. கத்தியைத் திருப்பிப் பிடித்துக் குத்துவது போன்ற தர்க்கம் இது.

நற்செய்தி நூல்களை நிதானமாகப் படித்தால் இந்தத் தர்க்கம் நிற்காது. மாற்கு 2-இல் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனின் விசுவாசத்தைப் பற்றிப் பேச்சே இல்லை; தூக்கி வந்தவர்களின் விசுவாசம்தான் பேசப்படுகிறது. யவீருவின் மகள் செத்துக் கிடக்கிறாள். அவளிடம் யாரும் விசுவாசம் கேட்கவில்லை. யோவான் 5-இல் முப்பத்தெட்டு ஆண்டு படுத்துக் கிடந்தவனுக்கு, தன்னை எழுப்பியவர் யார் என்பதே தெரியாது. யோவான் 9-இல் பிறவிக் குருடன் எவர் செய்த பாவத்தால் இப்படிப் பிறந்தான் என்று சீடர்கள் கேட்க, அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று பதில் வருகிறது. பவுல் தம் உடம்பில் இருந்த ஒரு முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை மன்றாடினார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 12-ஆம் அதிகாரம் கூறுகிறது. முள் எடுபடவில்லை. பவுலுக்கு விசுவாசம் பூரணப்படவில்லை என்று எந்த மேடையிலாவது சொல்வார்களா?

எல்லாவற்றுக்கும் மேலாக, யோவான் 20-இல் உயிர்த்தெழுந்த இயேசு தோமாவுக்குக் கையையும் விலாவையும் காட்டுகிறார். காயம் அப்படியே இருக்கிறது. கிறிஸ்தவர்கள் முழுமையின் முன்மாதிரி என்று கொண்டாடும் உடம்பிலேயே தழும்பு உண்டு! பிறவி எலும்புக் குறையோடு வாழ்ந்த அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட் 1994-இல் எழுதிய 'ஊனமுற்ற கடவுள்' என்ற பொருள்படும் நூலில், உயிர்த்தெழுந்த உடம்பின் இந்தத் தழும்புகளைத்தான் அடித்தளமாக வைத்தார். நோயாளியை, ஊனமுற்றவரை, கடவுளின் சாயலுக்கு வெளியே நிறுத்தாதீர்கள் என்பது அவர் வாதம். அதைப் பற்றி அறிந்த அன்றுதான், 1991-இல் அக்காவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுவல்லவா என்று தோன்றியது.

வேலூர் சொல்லும் சான்று

புத்தக வாதம் போதாது என்பவர்களுக்கு வேலூர் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-இல் பணியில் சேர்ந்த பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். குஷ்டரோகிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி மரத்துப் போவதால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் காயத்தைக் கவனியாமல் விட்டும்தான் அவை தேய்ந்து போகின்றன என்று எடுத்துக்காட்டியவர். மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றும் அறுவையினால் நிமிர்த்தினார்.

கை நிமிர்ந்தது. பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களுக்கு யாரும் வேலை தரவில்லை. கை மடங்கியிருந்தபோது பிச்சையாவது விழுந்தது. இப்போது அதுவும் இல்லை. லூக்கா 17-இன் ஒன்பது பேரை நினைத்துக்கொள்ளுங்கள். நோய் தீர்ந்தது, ஆனால் உய்வு வரவில்லை. ஆகவே 1951-இல் நவஜீவ நிலையம் என்று ஓரிடம் அமைத்துத் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்த இடத்தில் 'சோட்ஸோ'வின் மீதிப் பாதி தொடங்கியது என்று எனக்குப் படுகிறது.

இன்னொருவர் மேரி வர்கீஸ். வேலூரில் மருத்துவம் படித்தவர். 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கால் திரும்பவே இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் முழுமை பெற்றவரா இல்லையா? நடக்கவில்லை என்பதால் இல்லை என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

1964-இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கூடிய கிறிஸ்தவ மருத்துவப் பணியாளர்களும் இறையியலாரும் சுகமளித்தல் மருத்துவருக்கு மட்டும் உரிய வேலையல்ல, சபை முழுவதற்கும் உரிய பணி என்ற முடிவுக்கு வந்தார்கள். 1972-ஆம் ஆண்டுக் கடைசியிலும் 1973 தொடக்கத்திலும் பாங்காக்கில் நடந்த உலகத் திருச்சபை மாநாடு 'இன்றைய இரட்சிப்பு' என்பதையே தலைப்பாகக் கொண்டது. ஆத்துமாவா, சமூகமா என்ற சண்டை அங்கும் நடந்தது. பெரிய மாநாடுகள் பெரிய வார்த்தைகளில் பேசியதை, வேலூரில் தச்சுப் பட்டறையும் சக்கர நாற்காலியும் முன்னமே எளிதாகச் சொல்லிவிட்டன என்பது என் எண்ணம்.

நலம் என்ற சொல்

அப்படியானால் எந்தத் தமிழ்ச் சொல்? பல ஆண்டு நான் 'இரட்சிப்பு' கட்சி. நான்கு இடத்திலும் ஒரே சொல் என்ற நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இப்போது என் எண்ணம் மாறியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் குற்றம் 'நலம்' என்ற சொல்லைப் போட்டது அல்ல. அதைத் துணிந்து எல்லா இடத்திலும் போடாததுதான் குற்றம். பரிசேயர் வீட்டில் அழுத பெண்ணுக்கும் 'நலம்' என்றே வைத்திருந்தால், பாவம் மன்னிக்கப்படுவதும் ஒரு நலமே என்பதைத் தமிழ் வாசகர் ஒரு நொடியில் பிடித்திருப்பார். சமாரியனும் அவளும் ஒரே வரிசையில் நின்றிருப்பார்கள். மற்ற ஒன்பது பேருக்கும் நோய் நீங்கியது, இவனுக்கோ நலம் வந்தது என்ற வேறுபாடும் தானே விளங்கியிருக்கும்.

நலம் என்றால் உடல்நலம் என்று மட்டும் ஆகிவிடாதா என்று மறுப்பு எழலாம். ஊரைவிட்டு வந்த நமக்கு இந்த மறுப்புக்கு விடை தெரியும். கைப்பேசி வருவதற்கு முன் ஊரிலிருந்து வந்த உள்நாட்டுக் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். முதல் வரியில் இங்கு யாவரும் நலம் என்றிருக்கும். நாலாவது வரியில் அப்பாவுக்கு இருமல் விடவில்லை, மாடு விற்றாயிற்று, மழை இல்லை என்று வரும். அது பொய்யா? இல்லை. ஒருவரையொருவர் விட்டுவிடாமல் இருக்கிறோம், உன்னையும் விடவில்லை என்பதைத்தான் அந்த முதல் வரி சொன்னது. இருமலோடும் நலம் உண்டு. 'யாவரும்' என்ற சொல் சேர்ந்தால்தான் அது நலம். மாற்கு 5-இல் 'மகளே' என்ற ஒரு விளி செய்த வேலையை நம் கடிதங்களில் 'யாவரும்' செய்தது.

இனி ஒரு திருத்தக் குழு அமைந்து தமிழ் விவிலியத்தைத் தொடுமானால், அந்த நான்கு இடங்களிலும் ஒரே சொல்லை வைக்கும் துணிவு அவர்களுக்கு வரவேண்டும். அந்தச் சொல் 'நலம்' ஆக இருந்தால் நான் மகிழ்வேன். அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். பிறவி முடவன் எப்படி எழுந்தான் என்ற கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கிய பேதுரு, அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு உலகத்தின் உய்வு வரைக்கும் போகிறார். தமிழில் நடுவழியில் சொல் மாறிவிடுவதால் அவர் வாதம் இரண்டு துண்டாகிக் கிடக்கிறது.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு வயது எண்பத்தொன்று. ஊரில் ஞாயிறு பள்ளியில் நாற்பது ஆண்டுக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்தவள். முழுவதும் கேட்டாள். கிரேக்கச் சொல்லெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. வேறொன்று சொன்னாள்.

"நீ இவ்வளவு எழுதிட்டே. அன்னிக்கு அந்த மேடையில நான் விழுந்தப்போ ஒரு பொம்பள ஓடியாந்து தூக்கிவிட்டா, ஞாபகமிருக்கா? மராட்டிக்காரி. அவ பாஷ எனக்குத் தெரியாது. என் கம்பைத் தேடிக் கையில கொடுத்துட்டு, கூட்டம் முடியுற வரைக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. அதையும் எழுதுலே."

எழுதிவிட்டேன்.